விளங்கிச்சு என்று சொன்ன இரண்டு பேர்

1

நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வேலைத்தலத்தில் ஒரு விசாரணை. விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடம் அது. லண்டனில், ஹவுன்ஸ்லோவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அங்கே பிற்பகல் ஷிப்டுக்கு நான் மேற்பார்வையாளன். விசாரிக்கப்படப் போகிறவர் என் கீழ் வேலை செய்யும் தில்லையம்பலம். வயது ஐம்பத்துநான்கு. ஊரில் வடக்குப் பாதையில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். சண்டையில் ரயில் நின்றபோது அவருடைய உத்தியோகமும் நின்றது. நான் அவரைத் தில்லையண்ணை என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஆனால் வேலைக்குள் போனால் நான் சொல்ல அவர் செய்ய வேண்டும். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

அவருடைய மனைவி நாலு வருடமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருக்கிறார். அவரை இங்கே கூப்பிடும் விண்ணப்பத்தோடு வேலைக் கடிதம் வைக்க வேண்டும். நாளை வேலை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் விண்ணப்பமும் போகும்.

என் முன்னால் ஒரு படிவம் கிடக்கிறது. ஆறாவது கேள்வி: கொடுத்த அறிவுறுத்தல் தனக்கு விளங்கியதாகத் தொழிலாளி உறுதிப்படுத்தினாரா? அதன் கீழே இரண்டு பெட்டிகள், ஆம், இல்லை. இந்த நாட்டில் எனக்கு வரும் படிவங்களைத் திருத்தித் தருகிறவள் என் மகள் அபி. பதினொரு வயது. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

"ஹி செட் யெஸ், இல்லையா அப்பா? தென் டிக் யெஸ்."

அவள் சொல்வது சரி. தில்லையண்ணை ஓம் என்றுதான் சொன்னார். ஆனால் பேனையை எடுத்து அரை மணித்தியாலமாகியும் என்னால் அந்தப் பெட்டியில் அடையாளம் போட முடியவில்லை. அதற்குக் காரணம் தில்லையண்ணை அல்ல, எட்டு வருடங்களுக்கு முன் நான் பழகிய ஒரு தபால்காரர். அந்தக் கதையைச் சொல்ல ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எண்பத்தெட்டில் நான் நோர்பரியில் ஏழு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். வேலை ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் நிலையத்தில். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வருடத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட ஆங்கிலச் சொல் "யெஸ்". குடிவரவு அலுவலகத்தில் யெஸ், கவுன்சிலில் யெஸ், டாக்டரிடம் யெஸ். இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். எங்களில் பலருக்கு இந்த வியாதி இருந்தது. நாங்கள் அதை மரியாதை என்று சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் பெற்றோல் அடிக்க வந்த ஒருவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் ஆறடிக்கு மேல், அகலமும் குறைவில்லை. அவர் ஏதோ கேட்டார், நான் யெஸ் என்றேன். இன்னும் ஏதோ கேட்டார், அதற்கும் யெஸ். ஒரு துண்டில் பூங்காவின் பெயரையும் ஞாயிறு பத்து மணி என்பதையும் எழுதித் தந்துவிட்டுப் போனார். இரண்டாவது வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிறு மடிப்புக் கலையாத காற்சட்டையும், கையில் சான்றிதழ்களின் போட்டோக் கொப்பியுமாகப் போய் நின்றேன். அங்கே முப்பது பேர் தலையில் இரும்புக் கம்பி வைத்த தொப்பியோடு ஒருவரை ஒருவர் இடித்து விழுத்திக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க உதைபந்தாட்டம். பெயரில்தான் உதை இருக்கிறது, பந்தைக் கையால்தான் எறிகிறார்கள். அந்த நாட்களில் தொலைக்காட்சியில் காட்டிக் காட்டி லண்டன் இளைஞர்களுக்கு அதில் பைத்தியம் பிடித்திருந்தது. துண்டு தந்தவர் பயிற்சியாளர் டெரி. விளையாடுவாயா என்றும், முன்பு விளையாடியிருக்கிறாயா என்றும் அவர் கேட்டிருக்கிறார். நான் இரண்டுக்கும் ஓம் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வர வெட்கமாக இருந்ததால் நின்றுவிட்டேன். மகேந்திரன் என்ற பெயர் அவர்கள் வாயில் மேக் ஆனது.

3

இந்த ஆட்டத்தில் ஒரு அணிக்குப் பதினொரு பேர். அதில் ஒருவர் குவாட்டர்பேக். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று மற்றப் பத்துப் பேரையும் வட்டமாகக் கூட்டிச் சொல்வது அவர். பந்தை வாங்கி யாருக்கு எறிவது என்று மூன்று வினாடிக்குள் முடிவெடுப்பதும் அவர். அந்த மூன்று வினாடியும் எதிரணியில் நாலைந்து தடியர்கள் அவரை நசுக்க ஓடி வருவார்கள். அவர்களைத் தடுத்து நிற்பது என் போன்ற கனத்தவர்களின் வேலை. வலது கைக்காரன் எறியத் திரும்பும்போது இடப்பக்கம் அவன் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடப்பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். இரண்டு வருடம் அங்கே நின்றும், எங்கள் குவாட்டர்பேக் பந்தை எறிவதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரியைப் பார்ப்பதுதானே என் வேலை. அவர் குரலை மட்டும் கேட்டேன்.

முதலில் குவாட்டர்பேக் இடத்தில் கிரெய்க் என்று ஒருவன் இருந்தான். ஆறடி இரண்டங்குலம், சிலைபோல உடம்பு. அரை மைதானத்துக்கு அப்பால் பந்தை எறிவான். பந்து என் தலைக்கு மேலால் போக, வாயைப் பிளந்து பார்ப்பேன். ஆனால் யாராவது பிடிக்கத் தவறினால் பார்வையாளர் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரிப்பான். நான் என்ன செய்ய, இவர்களை வைத்துக்கொண்டு என்று அர்த்தம். ஒரு பிழை விட்டால் அதையே நினைத்து அடுத்த மூன்று எறியும் பிழையாகும். இரண்டாவது மாதத்திலிருந்து அவன் வட்டத்துக்குள் பேசும்போது நாங்கள் புல்லைப் பார்க்கத் தொடங்கினோம்.

டெரி அவனை எடுத்துவிட்டு லெஸ்லியைப் போட்டார். லெஸ்லி பிரிக்ஸ்டனில் பிறந்தவர், தாய் தகப்பன் ஜமெய்க்காக்காரர். தொழில் தபால் விநியோகம். என் தோளளவுதான் உயரம். கிரெய்க் எறியும் தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் எறிவார். ஆனால் நூற்றுச் சொச்சம் ஆட்ட வழிகளையும், ஒவ்வொன்றிலும் பதினொரு பேரும் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் தன்னுடைய தெருக்களைப் போல ஞாபகம் வைத்திருந்தார். எதிரணிக்காரன் ஒருவன் காலை மாற்றி வைத்தாலே எங்கிருந்து வரப்போகிறான் என்று சொல்வார். பந்து பறிபோனால் "அது முடிந்தது, அடுத்தது" என்பார். அவரை அடித்து விழுத்திய பிறகும் அதே குரல். அந்தக் குரலில் ஒரு பதற்றமும் இருக்காது. அதைக் கேட்டாலே என் கால்கள் நிலத்தில் ஊன்றிவிடும். எனக்கு அவர் மேல் உயிர்.

4

போன வியாழன் நடந்ததைச் சொல்கிறேன்.

சிவப்புச் சீட்டுக் கட்டிய ஆறு சாப்பாட்டுத் தள்ளுவண்டிகள், நாங்கள் ரொலி என்போம், குளிரறைக்கு வெளியே கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிட்டன. சுத்தம் பார்க்கும் பெண் வந்து வெப்பநிலை அளந்து கையெழுத்து வைத்த பிறகுதான் அவற்றை லொறியில் ஏற்றலாம். மற்றவற்றை உடனே ஏற்ற வேண்டும். அதைத் தில்லையண்ணையிடம் சொல்லப் போனேன். என் பக்கத்தில் மனேஜர் நின்றார். தொழிலாளர் தங்கள் பாஷையில் பேசுகிறார்கள், எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று யாரோ முறையிட்டதில், வேலைக்குள் ஆங்கிலம் மட்டும் என்று ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன், மனேஜர் கேட்கிறார் என்று கொஞ்சம் வேகமாகவே. நான் பாதி சொல்லும்போதே தில்லையண்ணை தலையை ஆட்டிவிட்டார்.

"யெஸ், யெஸ். ஓகே."

அவர் சிவப்புச் சீட்டு ரொலிகளைத்தான் முதலில் ஏற்றினார், அதுவும் மிகவும் கவனமாக. அவை விமானத்துக்குள் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றையும் இறக்கி, வேறு சாப்பாடு ஏற்றி, விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்திப் புறப்பட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விமானக்காரர்கள் கடிதம் போட்டார்கள், கடிதத்துக்கு ஒரு தலை வேண்டும்.

5

தொண்ணூறில் ஒரு பேச்சு அடிபட்டது. அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் லண்டனிலும் ஒரு அணி தொடங்கப் போகிறார்கள், உள்ளூர்க்காரர் சிலருக்கும் இடம் உண்டு என்று. ஆட்களைத் தேடி ஒரு வயதான அமெரிக்கர் பூங்கா பூங்காவாகத் திரிந்தார். ஒரு ஞாயிறு எங்கள் ஆட்டத்துக்கும் வந்து, குறிப்புக் கொப்பியோடு கோட்டுக்கு அப்பால் நின்றார். அவர் பார்க்க வந்தது லெஸ்லியை. பிடித்துப்போனால் மூன்று கிழமையில் தேர்வு. லெஸ்லிக்கு இருபத்தெட்டு வயது. இந்தத் தரம் இல்லையென்றால் பிறகு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டம் முடிய நாலு நிமிடம். மூன்று புள்ளி பின்னால் நிற்கிறோம். மழை தூறுகிறது. வட்டத்துக்குள் லெஸ்லி ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு வந்து என்னிடம் திரும்பினார். மேக், ஐம்பத்துநாலாம் இலக்கக்காரன் உள்ளே வெட்டி வந்தால் அவனை விட்டுவிடு, நடுவில் நிற்பவன் பார்த்துக்கொள்வான், வெளிப்பக்கமாக வருகிறவனை நீ எடு. இன்றைக்கு அதை நான் தமிழில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு என் காதில் நின்றது மேக், ஐம்பத்துநாலு, அவ்வளவுதான். அவர் முடிக்க முன்னரே தலையை ஆட்டினேன்.

"யெஸ், யெஸ்."

லெஸ்லி என் முகத்தை ஒரு வினாடி கூடுதலாகப் பார்த்தார். பிறகு கையைத் தட்டினார், நாங்கள் கலைந்தோம்.

ஐம்பத்துநாலு உள்ளே வெட்டினான். நான் அவனைக் கட்டிப் பிடித்தேன், அசையவிடவில்லை. எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்போது என் இடப்பக்கமாக ஒருவன் காற்றுப்போலப் போனான். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். லெஸ்லி சேற்றில் கிடந்தார், வலது தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

டெரி கத்திக்கொண்டு ஓடி வந்தார். வெளியால் வந்தவன் யாருடைய ஆள், யாருடைய ஆள் என்று கேட்டார். நான் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அமெரிக்கரும் கொப்பியோடு கிட்ட வந்துவிட்டார். லெஸ்லி கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"என்னுடையது. நான் பிழையாகச் சொல்லிக் கொடுத்தேன்."

6

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தவரிடம் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் பத்துத் தரம் ஆங்கிலத்தில் பாடமாக்கி வைத்திருந்தேன். எனக்கு விளங்கவில்லை, விளங்காமல் ஓம் சொன்னேன், பிழை என்னுடையது. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்" என்றார் லெஸ்லி.

"எப்படி?"

"நான் முடிக்க முதலே நீ தலையாட்டினாய். விளங்கியவன் முடியும் வரை கேட்பான்."

"அப்படியென்றால் ஏன் உன் பிழை என்று சொன்னாய்?"

"தெரிந்துகொண்டுதானே ஆடச் சொன்னேன்" என்றார். "இன்னொரு தரம் சொல்ல ஐந்து வினாடி போதும். அந்த மனிதர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று அவசரப்பட்டேன். அதனால் அது என்னுடையதுதான், மேக். உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதில்லை."

பிறகு கட்டில்லாத கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இனி நான் ஏதும் சொன்னால் யெஸ் சொல்லாதே. நான் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லு."

தேர்வுக்கு அவரால் போக முடியவில்லை. அந்த அமெரிக்கர் பிறகு டெரியிடம் சொன்னாராம், நல்ல கை எந்த ஊரிலும் கிடைக்கும், தான் பார்ப்பது வட்டத்துக்குள் மற்றப் பத்துப் பேரின் கண்ணும் எங்கே நிற்கிறது என்பதைத்தான் என்று. எலும்பு பொருந்தியதும் அடுத்த வருடம் அவரே லெஸ்லியைக் கூப்பிட்டார். லெஸ்லி மூன்றாவது குவாட்டர்பேக்காக ஒரு பருவம் சம்பளத்தோடு, மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்தார். மைதானத்தில் ஆடியது இரண்டு நிமிடம். நான் ரிக்கற் வாங்கிப் போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு நிமிடத்தில்தான் முதன்முதலாக அவர் பந்து எறிவதைக் கண்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் எறிந்தார். பிறகு தபால் பையைத் தூக்கிக்கொண்டு தன் தெருக்களுக்குத் திரும்பிவிட்டார்.

7

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது தில்லையண்ணை வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. வெறுங்கையோடு வரமாட்டார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"தம்பி, நாளைக்கு நான் என்ன சொல்ல?"

"அண்ணை, அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்கு விளங்கிச்சுதே?"

அவர் பழச்சீப்பைப் பார்த்தார். "சிவப்பெண்டு விளங்கிச்சு. ஏத்து எண்டு விளங்கிச்சு."

"பிறகேன் கேக்கேல்லை?"

"எப்பிடித் தம்பி கேக்கிறது? பக்கத்திலை வெள்ளைக்காரன் நிக்கிறான். நீயும் என்னோடை இங்கிலீசிலை கதைக்கிறாய். நான் விளங்கேல்லை எண்டால் உனக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை."

பழச்சீப்பை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊரிலை அடுத்த ஸ்டேசனிலை இருந்து ரெலிபோனிலை சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் நான் ஒரு கோச்சிக்கும் பச்சைக்கொடி காட்டினதில்லை. இருபது வருசம். அங்கை நான் ஸ்டேசன் மாஸ்டர். இஞ்சை ஆர் தம்பி நான்?"

அவர் போன பிறகு மனைவி வசந்தி குசினியிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"உங்கடை முகத்திலை எழுதியிருக்கு. என்ன செய்யப் போறியள் எண்டு எனக்குத் தெரியும். வீட்டு மோர்கேஜ் ஆர் கட்டுறது?"

"அவர் ஓம் எண்டவர் எண்டு சொன்னால் பொய்யில்லை, வசந்தி."

"பிறகென்ன?"

"அவருக்கு விளங்கேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபம்தான். நியாயமான கோபம்.

8

விசாரணை முடிந்து மூன்று கிழமையாகிறது. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

அறையில் மனேஜர், நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு பெண், தில்லையண்ணை, நான். தில்லையண்ணை கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். அந்தப் பெண் என் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆறாம் கேள்விக்குப் பதில் இல்லையே?"

"பெட்டி போதவில்லை" என்றேன்.

"அவர் ஓம் என்று சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார்."

தில்லையண்ணை தலையைக் குனிந்தார். அந்தப் பெண் எழுதத் தொடங்கினார். இந்த இடத்தில் நிறுத்தினால் நான் ஒரு பொய்யும் சொல்லாதவனாக வீட்டுக்குப் போகலாம். மோர்கேஜ், வசந்தி, அபியின் பியானோ வகுப்பு எல்லாம் பத்திரமாக இருக்கும். மூன்று வினாடிதான் இருந்திருக்கும்.

"ஆனால் நான் முடிக்க முதலே சொன்னார்" என்றேன். "அவருக்கு விளங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தமிழில் ஒரு தரம் சொல்ல ஐந்து வினாடி போதும். மனேஜர் பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை. பிழை என்னுடையது."

பேனை நின்றது. "தெரிந்துகொண்டா?" என்று கேட்டார் மனேஜர்.

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

9

தில்லையண்ணைக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. வேலைக் கடிதம் கிடைத்துவிட்டது, விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டார். எனக்கு மேற்பார்வையாளர் பதவி போனது. இப்போது நானும் ரொலி தள்ளுகிறேன். வசந்தி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பின்னேரம் "சனிக்கிழமை ஓவர்டைம் இருக்கே?" என்று கேட்டாள், அது எங்கள் வீட்டில் சமாதானம். அபிக்கு இரும்புக் கம்பித் தொப்பியோடு நான் நிற்கும் பழைய படத்தைக் காட்டினேன். "அப்பா, திஸ் இஸ் யூ?" என்று நாலு தரம் கேட்டாள். பக்கத்தில் நிற்கும் குட்டையர் யார் என்றும் கேட்டாள். இந்தக் கதையை அவளுக்கும் சொன்னேன், என் ஆங்கிலத்தில், அவள் திருத்தத் திருத்த.

என் இடத்துக்கு ஒரு புதிய மேற்பார்வையாளர் வந்தார். ஆங்கிலேயர், நல்ல மனிதர், வாய்க்குள் மென்று பேசுவார். முதல் நாள் எங்கள் ஒன்பது பேரையும் வட்டமாக நிறுத்தி, எந்த ரொலி எந்த லொறிக்கு, எது முதலில், எது பொறுக்க வேண்டும் என்று மடமடவென்று சொன்னார். மனேஜரும் நின்றார். ஓகே என்று முடித்தார். ஒன்பது தலையும் ஆடப்போகிற நேரம். என்னுடையதும்தான். வட்டத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்படி ஒரு குரலை அந்தக் கட்டடத்தில் நான் முன்பு கேட்டதில்லை. உரத்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வைத்து.

தில்லையண்ணை நிமிர்ந்து நின்று, கொச்சை ஆங்கிலத்தில், புதியவர் சொன்னதை முதலிலிருந்து திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது லொறியில் பிழை விட்டார். புதியவர் திருத்தினார். தில்லையண்ணை அந்தத் திருத்தத்தையும் திருப்பிச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார், நாங்கள் ரொலிகளைத் தள்ளத் தொடங்கினோம்.